இரு மடங்கும் இரு மடங்கும் சேர்ந்தால் எத்தனை மடங்கு?

பாளையங்கோட்டையில் தங்கை வீட்டுத் திண்ணையில்தான் என் சீட்டு விளையாட்டின் முதல் சோதனை நடந்தது. பிசானம் என்கிற நெல்லைப் பக்கத்து நெல் சாகுபடிதான் கதை. ஒரு வயலுக்கு அடிப்படை விளைச்சல் 4 கோட்டை நெல். கோட்டை என்பது எங்கள் பக்கத்து நெல் அளவை. கால்வாய்த் தண்ணீர், ஆட்டுக்கிடை, வண்டல் என்று சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ‘விளைச்சல் இரு மடங்கு’ என்று எழுதியிருந்தேன்.

தங்கை மகன் தண்ணீர் ரெண்டு, கிடை ரெண்டு, வண்டல் ஒன்று என ஐந்தையும் ஒரே வயலில் இறக்கினான். “மாமா, எனக்கு 128 கோட்டை வந்துட்டு!”

“எலே, அம்புட்டையும் கொட்டி வைக்கப் பத்தாயம் எங்கல இருக்கு?”

அவன் கணக்கு சரிதான். 2, 4, 8, 16, 32 மடங்கு. தப்பு என் விதியில். அதைத் திருத்திய வழி இது.

முதல் படி: மடங்கைப் பெருக்காதீர்கள், கூட்டுங்கள். ‘இரு மடங்கு’ என்பதை அழித்துவிட்டு ‘அடிப்படை விளைச்சலில் இன்னொரு பங்கு’ என்று எழுதுங்கள். ஐந்து சீட்டுக்கு 1+5, அதாவது 6 பங்கு: 24 கோட்டை. 2000-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டின் மூன்றாம் பதிப்பிலும் இரண்டு ‘இரு மடங்கு’ சேர்ந்தால் மும்மடங்குதான். ஸ்கிராபிள் என்ற சொல் விளையாட்டில் மட்டும் ஒரே சொல் இரண்டு இரட்டைச் சொல் கட்டங்களில் விழுந்தால் நாலு மடங்கு கிடைக்கும். அங்கே அது தாங்கும். ஒரு கட்டத்தின் சலுகை ஒரு தடவைதான். சீட்டு அப்படியில்லை, கையில் வந்துகொண்டே இருக்கும்.

இரண்டாம் படி: ஒரே பெயர் ஒரு தடவைதான். ஒரு வயலுக்கு ரெண்டு கிடை எதற்கு? இப்போது மூன்று சீட்டுதான் செல்லும்: 16 கோட்டை.

மூன்றாம் படியில்தான் நான் வழுக்கினேன். ஆனைக்கொம்பன் ஈ தாக்கினால் விளைச்சல் பாதி. இதையும் கூட்டல் கணக்கில் சேர்த்து ‘அரைப் பங்கு கழி’ என்று வைத்தேன். வேறு சீட்டே இல்லாத வயலில் இரண்டு தாக்குதல் வந்ததும் பூச்சியம். மூன்றாவதில் அந்த வயல் 2 கோட்டை கடன்பட்டு நின்றது! ஆகவே நட்டத்தைக் கூட்டலில் சேர்க்காமல், லாபமெல்லாம் கூட்டி முடித்த பிறகு பெருக்குங்கள்: 16, 8, 4. பெருக்கல் லாபத்தில் தறிகெட்டு ஓடும். நட்டத்தில் ஒவ்வொரு அடியும் முந்தியதைவிடச் சின்னதாகும், எத்தனை விழுந்தாலும் பூச்சியத்தைத் தொடாது.

அப்புறம் ‘2 கோட்டை கூடுதல்’ மாதிரி நேர்த்தொகைச் சீட்டு. முதலில் சேர்த்தால் (4+2)×4=24, கடைசியில் சேர்த்தால் 18. எது என்று விதித்தாளில் எழுதியே ஆக வேண்டும். நான் கடைசியில்தான் வைத்தேன். பக்கத்து வீட்டில் கைமாத்தாக வாங்கிய நெல்லை ஆனைக்கொம்பன் என்ன செய்யும்?

பின்னத்தை முழுசாக்குவதும் கடைசியில் ஒரே தடவை. 5 கோட்டை பாதியானால் 2½. அங்கேயே 3 ஆக்கி மறுபடி பாதியாக்கினால் 1½, அதை முழுசாக்கினால் 2. நடுவில் கை வைக்காவிட்டால் 1¼, அதாவது 1.

விதித்தாளில் இவ்வளவுதான்: ‘பங்குகளைக் கூட்டு, நட்டத்தால் பெருக்கு, நேர்த்தொகையைச் சேர், முழுசாக்கு.’

அதே ஐந்து சீட்டை மறுபடி கொடுத்தேன். “ரொம்பக் கொறச்சிட்டீய மாமா, கிடைக்கு மட்டுமாவது ரெண்டு பங்கு குடுங்க” என்கிறான். கொடுத்தால் 20 வரும். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.