பல்நோக்கு உள்ளரங்கின் வடிவமைப்பை எங்கே தொடங்குவது

கூரையின் தோற்றத்தை வரைவதற்கு முன், தரையின் அளவை முடிவு செய்யுங்கள். கூடைப்பந்து ஆடுகளம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்டது. பனி ஹாக்கித் தளமோ 60 மீட்டர் வரை நீளும். ஆகவே பெரிய தளத்திற்கேற்ப நிலையான இருக்கைகளை அமைத்து, சிறிய ஆட்டங்களின்போது எஞ்சும் இடைவெளியை உள்ளிழுக்கக்கூடிய இருக்கை வரிசைகளால் நிரப்புவதே நடைமுறைக்கு உகந்தது. ஜப்பானின் சைத்தாமா சூப்பர் அரீனாவில் இருக்கைகளோடு கட்டடத்தின் ஒரு பகுதியே நகர்கிறது. வியப்பூட்டும் ஏற்பாடுதான், ஆனால் எல்லா நகரங்களின் நிதிநிலையும் அதற்கு இடம் தராது.

ஒவ்வொரு வரிசையிலும் அமர்பவரின் பார்வைக்கோடு, முன்வரிசையில் இருப்பவரின் தலைக்கு மேலாகச் சென்று, ஆடுகளத்தின் அருகிலுள்ள எல்லைக்கோட்டை எட்டுகிறதா என்று சரிபார்க்க வேண்டும்.

இசை நிகழ்ச்சிகளுக்கான ஒலிபெருக்கிகளும் விளக்குகளும் கூரையிலிருந்தே தொங்கவிடப்படுவதால், அந்தச் சுமையைத் தொடக்கத்திலேயே கட்டமைப்புக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். பின்னர் வலுப்படுத்துவது பெருஞ்செலவு. கூரையின் உட்புறத்தில் ஒலியை உறிஞ்சும் பலகைகள் இல்லையென்றால் எதிரொலியில் பாடல் வரிகள் கரைந்துபோகும். குளிரூட்டும் காற்று ஆடுகளத்தின் மீது நேரடியாக வீசக் கூடாது. மெல்லிய காற்றோட்டமும் இறகுப்பந்தின் பாதையை மாற்றிவிடும் என்பதால், அந்த ஆட்டத்தின்போது காற்றைக் குறைக்கவோ நிறுத்தவோ தனிக் கட்டுப்பாடு தேவை.

சரக்கு லாரிகள் நேரே தளம்வரை வந்துசேர அகன்ற வாயில் ஒன்றையும் ஒதுக்குங்கள்.