கிக் ரிட்டர்ன் எங்கே தடுமாறுகிறது? சீசன் கணக்கில் தேடும் முறை

அமெரிக்காவின் ஓஹியோவில் என் மகன் படிக்கும் உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு வெள்ளிக்கிழமை இரவுகளில் புள்ளிவிவரம் எழுதுகிறேன். சீசன் பாதி தாண்டினால் மற்ற பெற்றோர் என்னிடம் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "நம்ம கிக் ரிட்டர்ன் ஏன் இவ்வளவு மோசமா இருக்கு?" பதில் சொல்வதற்குள் அடுத்த வார்த்தையும் வந்துவிடும்: "அந்தப் பையனை மாத்தச் சொல்லுங்க."

ஆட்டத்தைத் தொடங்க எதிரணி உதைக்கும் பந்தை (கிக் ஆஃப்) பிடித்து முன்னே ஓடுவதுதான் கிக் ரிட்டர்ன்; அப்படி ஓடும் ரிட்டர்னர்தான் அவர்கள் சொல்லும் அந்தப் பையன். அவனுக்கு முன்னால், எதிராளிகளைத் தடுத்து வழி திறக்கும் பிளாக்கர்களாகப் பத்துப் பேர் ஓடுகிறார்கள். அவர்கள் செய்வதும் செய்யாததும் புள்ளிவிவரத்தாளில் அவன் பெயருக்கு நேராகத்தான் பதிவாகிறது. பதினாறு வயதுப் பையன் மேல் பழி போடுவதற்கு முன் கணக்கை ஒழுங்காகப் பிரித்துப் பார்ப்பது நம் கடமை என்று நினைக்கிறேன். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பேப்பர், பேனா, ஆட்டத்தின் வீடியோ இருந்தால் போதும்.

முதலில் சீசன் தாளில் "கிக் ஆஃப் ரிட்டர்ன்" வரியைக் கண்டுபிடியுங்கள். எத்தனை முறை, மொத்தம் எத்தனை யார்டு, சராசரி, மிக நீளமானது என்று நான்கு எண்கள் இருக்கும். பள்ளி ஆட்டங்களின் புள்ளிவிவரம் தரும் மேக்ஸ்பிரெப்ஸ் இணையதளத்தில் பார்த்தாலும் கிட்டத்தட்ட இதே விவரம்தான்.

மொத்த யார்டை உடனே ஒதுக்கிவிடுங்கள். எதிரணி புள்ளி எடுத்த பிறகுதான் நமக்குக் கிக் ஆஃப் வருகிறது. அதைத் தவிர ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏதாவது ஒரு பாதியின் தொடக்கத்தில் ஒன்று வரும். ஆகவே தடுப்பு பலவீனமான அணிக்கு ரிட்டர்ன் யார்டு குவியும். வாரா வாரம் நாற்பது புள்ளி விட்டுக்கொடுக்கும் அணி அந்த வரியில் முதலிடத்தில் நின்றாலும் ஆச்சரியமில்லை.

சராசரியைப் படிக்கக் கொஞ்சம் நிதானம் வேண்டும். இங்கே வழக்கமான சீசனில் பத்து ஆட்டங்கள்தான், கிடைக்கிற ரிட்டர்ன்களும் கொஞ்சம். 30 ரிட்டர்னில் 17 யார்டு சராசரி என்றால் மொத்தம் 510. அதோடு ஒரே ஒரு 90 யார்டு ஓட்டத்தைச் சேருங்கள்: 31 ரிட்டர்ன், 600 யார்டு, சராசரி 19.4. மற்ற முப்பது ஓட்டங்களில் எதுவும் மாறவில்லை, ஆனால் தாளைப் பார்ப்பவருக்கு அணி தேறிவிட்டது போலத் தெரியும். அதனால் எல்லா ரிட்டர்னையும் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தி நடுவில் வரும் எண்ணையும் எழுதி வையுங்கள். நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று சராசரிக்குள் இருக்கிறது. ரிட்டர்ன் யார்டு என்பது பந்தைப் பிடித்த இடத்திலிருந்து வீழ்ந்த இடம் வரையிலான தூரம். டிரைவ், அதாவது பந்தை வைத்துக்கொண்டு அணி முன்னேறும் முயற்சி, எங்கே தொடங்கியது என்று அது சொல்லாது. நம் ரிட்டர்னர் வேகமானவன் என்று தெரிந்தால் எதிரணி அவனிடம் உதைக்கவே மாட்டார்கள். தரையோடு உருளும் ஸ்க்விப் கிக் அடிப்பார்கள், அல்லது நடுவரிசைக்கு மேலே பூச் கிக் தூக்கிப் போடுவார்கள். நடுவில் நிற்கும் கனத்த பையன் ஒருவன் 32இல் (நம் பக்கத்து எல்லைக் கோடான கோல் லைனிலிருந்து 32 யார்டு தள்ளி) பிடித்து 37இல் விழுவான். ஐந்தே யார்டு. சராசரி சரியும், ஆனால் அணிக்கு அது நல்ல இடம். பெரிய ஆட்டத்திலும் இப்படித்தான் நடந்தது. 2007 பிப்ரவரியில் நடந்த, என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் சிகாகோ பேர்ஸ் அணியின் டெவின் ஹெஸ்டர் முதல் கிக் ஆஃபையே 92 யார்டு ஓடி எதிரணியின் கோல் லைனைத் தாண்டி டச் டவுன் ஆக்கினார். அதற்கப்புறம் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அவரிடம் பந்து போகாதபடி உதைப்பதிலேயே கவனமாக இருந்தார்கள். ஆட்டத்தை 29-17 என்று வென்றதும் அவர்கள்தான்.

கணக்கு போட்டுப் பார்த்தால் இது விளங்கும். உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. ஓர் அணிக்கு 24 ரிட்டர்ன், 408 யார்டு, சராசரி 17. பிரித்துப் பார்த்தால் 9 உதைகள் குட்டையானவை. அவற்றில் தலா 5 யார்டு, வீழ்ந்த இடம் 37. மீதி 15 ஆழமானவை. அவற்றில் தலா 24 யார்டுக்குக் கொஞ்சம் மேல், வீழ்ந்த இடம் சுமார் 30. மொத்தத்தில் இந்த அணியின் டிரைவ் சராசரியாக 33ஆம் யார்டை ஒட்டித் தொடங்குகிறது. இன்னொரு அணிக்கும் 24 ரிட்டர்ன், ஆனால் சராசரி 20. எல்லாமே ஆழமான உதைகள், 4இல் பிடித்து 24இல் விழுகிறார்கள். தாளில் 17ஐ விட 20 பெரியது. மைதானத்திலோ அந்த இரண்டாவது அணி ஒவ்வொரு முறையும் ஒன்பது யார்டு பின்தங்கித் தொடங்குகிறது. உண்மையில் தடுமாறுவது அந்த அணிதான்.

பத்து யார்டில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. வர்ஜில் கார்ட்டர் என்ற என்எஃப்எல் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர்) ராபர்ட் மேக்கோல் என்ற பேராசிரியரோடு சேர்ந்து 1971இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். மைதானத்தின் ஒவ்வொரு பகுதியிலும் பந்து கையில் இருப்பது எத்தனை புள்ளிக்குச் சமம் என்று கணக்கிட்டார்கள். தன் பக்கத்து 15இல் முதல் டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் முதலாவது) கிடைத்தால் அதன் மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே. அதாவது பந்து நம் கையில் இருந்தாலும் அடுத்த புள்ளி எதிரணிக்குப் போகும் வாய்ப்பே அதிகம். 25க்கு வந்தால் மதிப்பு பூஜ்யத்தைத் தாண்டிவிடுகிறது. சரி, அது அந்தக் காலத்து என்எஃப்எல், பள்ளி ஆட்டத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் 15க்கும் 25க்கும் நடுவில் ஏதோ மாறுகிறது என்பதை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பார்க்கிறேன். 15இல் தொடங்கினால் பயிற்சியாளர் துணிந்து பந்தை வீச மாட்டார்.

சொந்தமாக ஒரு தாள்

ஒவ்வொரு கிக் ஆஃபுக்கும் ஒரு வரி. எந்த ஆட்டம், எந்தக் குவார்ட்டர் (ஆட்டத்தின் கால் பகுதி), ஆழமா குட்டையா, பிடித்த இடம், முதலில் எதிரணியின் கை பட்ட இடம், வீழ்ந்த இடம், பெனால்டி, டிரைவ் தொடங்கிய இடம். இவ்வளவு போதும்.

கடைசியான 'டிரைவ் தொடங்கிய இடம்' என்பதை வீழ்ந்த இடத்திலிருந்து ஊகித்து எழுதாதீர்கள். அடுத்த பிளேயின் முதல் டவுன் எங்கே என்று பார்த்து எழுதுங்கள், ஏனென்றால் இடையில் பெனால்டி புகுந்துவிடும். ஒருவன் 5இல் பிடித்து 41 வரை ஓடுகிறான், கூட்டமே எழுந்து நிற்கிறது. ஆனால் 22இல் நம் ஆள் ஒருவன் எதிராளியை முதுகில் தள்ளியிருக்கிறான். தவறு நடந்த இடத்திலிருந்து பத்து யார்டு பின்னால், ஆக 12இல் ஆட்டம் தொடங்கும். புள்ளிவிவர வழக்கப்படி ரிட்டர்ன் தவறு நடந்த இடம் வரைக்கும்தான் கணக்கு, அதாவது 17 யார்டு. அந்தப் பத்து யார்டு வேறெங்கோ பெனால்டி வரியில் ஒளிந்துகொள்ளும். ரிட்டர்ன் வரியை மட்டும் பார்ப்பவருக்கு 17 சுமாரான எண்ணாகத் தெரியும். 12இல் தொடங்க நேர்ந்தது தெரியவே தெரியாது. தடுமாறும் பல அணிகளின் ரகசியம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. முதுகில் தள்ளுவதும் எதிராளியைக் கையால் பிடித்து நிறுத்தும் ஹோல்டிங்கும் பெரும்பாலும் பிளாக் செய்ய வேண்டியவன் தாமதமாக வந்து சேர்வதால் நடப்பவை. அதனால் பெனால்டியைத் தனிக் குற்றமாக எண்ணாமல் பிளாக்கிங் கணக்கிலேயே சேருங்கள்.

அடுத்து, எதோடு ஒப்பிடுகிறோம் என்பது. எங்கள் மாநிலப் பள்ளி விதிப்படி உதைத்த பந்து கோல் லைனைத் தாண்டிவிட்டால் உடனே டச்பேக், அதாவது ரிட்டர்ன் இல்லாமல் 20இல் ஆட்டம் தொடங்கும். அதனால் ரிட்டர்ன் செய்த பிறகு 20க்குக் கீழே தொடங்கிய டிரைவ்கள் எத்தனை என்று எண்ணுங்கள். ஒரே ஓர் எண் போதும் என்றால் நான் இதைத்தான் கொடுப்பேன். கல்லூரி ஆட்டத்தில் டச்பேக் 25இல். 25க்கு உள்ளே, ஓடாமல் பிடிக்க மட்டும் செய்வேன் என்று கை காட்டி ஃபேர் கேட்ச் கேட்டாலும் அதே 25 கிடைக்கும் என்பதால் அங்கே 25தான் அளவுகோல். என்எஃப்எல் எண்களை வைத்துப் பள்ளிப் பையன்களை அளக்கவே அளக்காதீர்கள். அங்கே 2024இல் கிக் ஆஃபின் அமைப்பையே மாற்றிவிட்டார்கள். உதைப்பவர் 35இல் நிற்க, அவருடைய அணியினர் மற்ற பத்துப் பேரும் எதிரணியின் 40இல் நிற்கிறார்கள், பந்து விழும் வரையோ பிடிபடும் வரையோ நகரக் கூடாது. நேராகக் கோல் லைனுக்குப் பின்னால் உள்ள எண்ட் ஸோனுக்குள் போகும் பந்துக்கான டச்பேக் அந்த ஆண்டு 30க்கும் 2025இல் 35க்கும் முன்னேறியது. 2023இல் சுமார் ஐந்தில் ஒரு கிக் ஆஃப்தான் ரிட்டர்ன் ஆனது, 2024இல் அது மூன்றில் ஒன்றை நெருங்கியது. அந்த ஆட்டமும் இந்த ஆட்டமும் வேறு.

வீடியோவில் பார்ப்பது

எங்கள் அணி வீடியோவை ஹடில் என்ற வீடியோ தளம் வழியாகப் பகிர்கிறது, பல பள்ளிகளிலும் அப்படித்தான். பந்து கைக்கு வந்த அந்த நொடியில் படத்தை நிறுத்துங்கள். முதல் கேள்வி, நம் முன்வரிசை எங்கே இருக்கிறது? பின்னால் ஓடி, திரும்பி, எதிராளியைப் பார்த்து நிற்கிறார்களா? இன்னும் முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருந்தால் அந்த ரிட்டர்ன் அங்கேயே முடிந்துவிட்டது. மாறாக, பின்னுக்கு வராமல் உதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மோதப் போயிருந்தால் எதிராளி சுற்றிக்கொண்டு போய்விடுவான்.

அப்புறம் படத்தை மெல்ல நகர்த்தி, யாரும் தொடாமல் வந்த முதல் ஆள் யார் என்று பாருங்கள். உதைக்கும் அணியினரை ஓரத்திலிருந்து உள்ளே இடது 1 முதல் 5, வலது 1 முதல் 5 என்று எண்ணுவது வழக்கம். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சில ஆட்டங்களுக்குப் பிறகு ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால், அவனைத் தடுக்க வேண்டியவனுக்குத் தன் ஆள் யார் என்றே தெரியவில்லை என்று பொருள். ஒரு பயிற்சி நேரத்தில் சரிசெய்யக்கூடிய குறை அது. வேறு வேறு எண்கள் வந்தால் திட்டத்திலோ வேகத்திலோ குறை, அதற்கு நாளாகும்.

இப்போது உங்கள் தாளில் ஒவ்வொரு ரிட்டர்னையும் இரண்டாக உடைக்கலாம். பிடித்த இடத்திலிருந்து முதல் கை பட்ட இடம் வரை பிளாக்கர்கள் சம்பாதித்த யார்டு. அங்கிருந்து வீழ்ந்த இடம் வரை ரிட்டர்னர் சம்பாதித்தது. 7இல் பிடித்து, 19இல் முதல் கை பட்டு, 24இல் விழுந்தால் 12ம் 5ம். முதல் எண் வாராவாரம் சிறியதாகவும் இரண்டாவது ஓரளவு இருந்துகொண்டேயும் இருந்தால், அந்தப் பையனை மாற்றுவதால் எதுவும் சரியாகாது. இதைக் காட்டித்தான் பல பெற்றோரின் கோபத்தைத் தணித்திருக்கிறேன். காட்டிய பிறகு அவர்களே முன்வரிசையைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

ரிட்டர்னரிடமும் குறை இருக்கலாம், அதையும் மறைக்கக் கூடாது. பந்தை நின்று பிடிக்கிறானா, முன்னே ஓடி வந்து பிடிக்கிறானா? பிடித்ததும் பக்கவாட்டில் ஓடி வழி தேடுகிறானா? பந்தைத் தரையில் துள்ள விடுகிறானா? கடைசியது மிக ஆபத்து. டிரைவ் நின்றதும் எதிரணியிடம் உதைத்துக் கொடுக்கும் பன்ட்டைப் போல விட்டுவிட்டு ஒதுங்க முடியாது, பத்து யார்டு தாண்டிய கிக் ஆஃப் பந்தை உதைத்த அணியே எடுத்துத் தனதாக்கிக்கொள்ளலாம். இன்னொன்று, எந்த வாரத்திலிருந்து சரிவு தொடங்கியது என்று தேடுங்கள். தொடக்க ஆட்டக்காரர் ஒருவருக்குக் காயம் பட்டால், அவர் இடத்துக்கு நகர்கிறவன் பெரும்பாலும் ரிட்டர்ன் குழுவிலிருந்து எடுக்கப்பட்டவனாக இருப்பான். அங்கே புதிதாக நிற்பவன் முழு வேகத்தில் ஒருமுறைகூடப் பழகியிருக்க மாட்டான், ஏனென்றால் இந்த மோதல் ஆபத்தானது, பயிற்சியில் அதைக் குறைத்தே வைக்கிறார்கள். குறைப்பதுதான் சரியும்கூட.

நாம் கிக் ஆஃப் உதைத்து எதிரணியின் ரிட்டர்னைத் தடுக்கும் பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள், எதிரணி நம்மிடம் எங்கே தொடங்குகிறது என்று. தாக்குதலும் தடுப்பும் நன்றாக இருந்தும் அணி தோற்றுக்கொண்டிருந்தால் விடை அங்கே இருக்கலாம். 2010இல் சான் டியேகோ சார்ஜர்ஸ் மொத்த யார்டுக் கணக்கில் தாக்குதலிலும் தடுப்பிலும் என்எஃப்எல்லிலேயே முதலிடம். ஆனால் 9-7 என்று முடித்துப் பிளேஆஃபுக்குப் போகவில்லை. சியாட்டிலில் ஒரே ஆட்டத்தில் லியோன் வாஷிங்டன் இரண்டு கிக் ஆஃப்களை டச் டவுன் வரை ஓடினார், சார்ஜர்ஸ் தோற்றது ஏழு புள்ளியில்.

தாளைப் பயிற்சியாளரிடம் கொடுப்பதானால் ஒரே பக்கமாகக் கொடுங்கள். மேலே மூன்று எண்கள்: ஆழமான உதைகளுக்குப் பிறகு டிரைவ் தொடங்கும் இடம், 20க்குக் கீழே தொடங்கியவை எத்தனை, பிளாக்கர்கள் சம்பாதித்த யார்டின் நடு எண். கீழே, தடுக்கப்படாமல் வந்தவர்களின் எண்களும் அந்த வீடியோக்கள் எந்தக் குவார்ட்டர் என்பதும். பையன்களின் பெயர் வேண்டாம், நிற்கும் இடத்தை மட்டும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பிவிட்டால் திங்கள் பயிற்சிக்கு முன் அவர் வீடியோவோடு ஒப்பிட்டுப் பார்க்க நேரம் இருக்கும்.