ஏர் ஃபில்டர் மாற்றினால் எத்தனை குதிரை கூடும்? நீங்களே அளந்து பார்க்கும் முறை

சென்னையில் வண்டி உதிரிபாகங்கள் விற்கும் ஜி.பி. ரோட்டில் புது ஏர் ஃபில்டர் வாங்கி மாட்டி, பானட்டை மூடி, ஒரு ரவுண்டு போய் வந்ததும் எல்லோர் வாயிலும் வருவது ஒரே வார்த்தைதான்: "மச்சான், வண்டி பறக்குதுடா!" நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். எஞ்சின் காற்றை உறிஞ்சும் சத்தம் பெரிதாகக் கேட்டாலே வேகமும் கூடியதாக மனசு நம்பிவிடுகிறது. காதை நம்பிப் பத்தாயிரக்கணக்கில் செலவு செய்யும் தம்பிகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

எஞ்சினைப் பிரிக்காமல் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் கொண்டே மாட்டிவிடக்கூடிய ஃபில்டர், இன்டேக் குழாய் (காற்று உள்ளே போகும் வழி), ஹெடர் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்), எக்ஸாஸ்ட் போன்றவற்றைத்தான் போல்ட்-ஆன் பாகங்கள் என்கிறோம். டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் எஞ்சினில் ஃபில்டரை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு குதிரைத்திறன்தான் கிடைக்கும். சில சமயம் அதுவும் கிடைக்காது. இவ்வளவு சின்ன வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் அளப்பதில் பொறுமை வேண்டும்.

முதலில் குதிரைத்திறனை அளக்கும் அலகுகளைப் பார்த்துவிடுவோம். பிஎஸ், பிஹெச்பி என்று இரண்டு உண்டு. 75 கிலோவை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் அது ஒரு பிஎஸ். மூன்று சிப்பம் அரிசியைச் சேர்த்துக் கட்டி, ஒரே நொடியில் இடுப்பளவுக்குத் தூக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வாட் கணக்கில் அது 735.5. பிஹெச்பி கொஞ்சம் பெரியது, 745.7 வாட். முதலில் பிஹெச்பியிலும் அப்புறம் பிஎஸ்ஸிலும் எழுதினால் 100 என்பது 101.4 ஆகிவிடும், வண்டியில் ஒன்றுமே மாறாமல். ஆகவே ஒரே அலகைக் கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: வாங்கும் முன்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைப் படித்துவிடுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஃபில்டர் வேறு, சத்தம் போடும் சைலன்சர் வேறு. இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: பழைய நிலையைச் சரியாக அளப்பது

பலரும் தவறுவது இங்கேதான். மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் ஒரு வருஷம் ஓடி மண் நிறம் ஆகிவிட்ட பழைய ஃபில்டரைக் கழற்றுவார்கள். விலை உயர்ந்த புது ஃபில்டரை மாட்டுவார்கள். "வித்தியாசம் தெரியுது" என்பார்கள். தெரியத்தான் செய்யும்! கம்பெனி ஃபில்டரையே புதிதாக மாட்டியிருந்தாலும் தெரிந்திருக்கும். எனவே முதலில் புது கம்பெனி ஃபில்டர் போடுங்கள். ஸ்பார்க் பிளக், ஆயில் மாற்றும் நேரம் வந்திருந்தால் அதையும் முடித்துவிடுங்கள். டயர் காற்றைக் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு நிரப்புங்கள். எப்போதும் ஒரே பங்கில் ஒரே வகைப் பெட்ரோல் போடுங்கள். இதற்கெல்லாம் பிறகு வரும் எண்தான் உங்கள் அடிப்படை எண்.

படி 3: சென்னைக் காற்றைக் கணக்கில் எடுப்பது

எஞ்சின் சக்தி என்பது உள்ளே போகும் ஆக்சிஜனைப் பொறுத்தது. மே மாத மதியம் 40 டிகிரியில் இருக்கும் காற்று, மார்கழி விடியற்காலை 22 டிகிரி காற்றைவிடக் கிட்டத்தட்ட 6 சதவீதம் அடர்த்தி குறைந்தது. மே மாதம் அளந்துவிட்டு, டிசம்பரில் புதுப் பாகம் மாட்டி மறுபடி அளந்தால், வெறும் குளிர்ந்த காற்றே குதிரைகளைக் கூட்டிக் கொடுத்திருக்கும்.

நம் ஊரில் புழுக்கமும் ஒரு காரணம். 30 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், காற்றழுத்தத்தில் 3 சதவீதத்துக்கு மேல் நீராவியின் பங்கு. அந்த அளவுக்கு ஆக்சிஜனுக்கு இடம் குறைகிறது. 83 பிஎஸ் எஞ்சினுக்கு 3 சதவீதம் என்றால் இரண்டரை பிஎஸ், அதாவது ஃபில்டர் தருவதாகச் சொல்லும் லாபத்தைவிட அதிகம். அதனால் 'முன்', 'பின்' இரண்டையும் ஒரே நாளில், அடுத்தடுத்து எடுக்க வேண்டும்.

எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூட்டை நீங்களே பார்க்கலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் (வண்டியின் கம்ப்யூட்டர் தகவல்களைப் படிக்கும் இணைப்பு) இருக்கும். அதில் ஒரு ப்ளூடூத் அடாப்டரைச் செருகி, மொபைல் ஆப்பில் 'இன்டேக் ஏர் டெம்பரேச்சர்' என்ற எண்ணைத் திறந்து வையுங்கள். பெட்டி இல்லாத கூம்பு ஃபில்டர் மாட்டிய புதிதில், மத்திய கைலாஷ் சிக்னலில் நின்றபடி அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 43 என்றிருந்தது 48 ஆனது, 55 ஆனது, பச்சை விழுவதற்குள் 60-ஐத் தாண்டிவிட்டது. ரேடியேட்டரின் வெந்த காற்றைத்தான் அது இழுத்துக்கொண்டிருந்தது. கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் பெட்டி, முன் கிரில் பக்கமிருந்து வெளிக்காற்றை எடுப்பதற்காகவே மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

படி 4: டைனோவில் ஏற்றுவது

சக்கரங்களை உருளைமேல் வைத்து ஓடவிட்டு, சக்கரத்துக்கு வந்து சேரும் சக்தியை அளக்கும் இயந்திரம்தான் டைனோ. ஒர்க்‌ஷாப்பில் இதையெல்லாம் கேட்டு வாங்குங்கள்:

- முன்னும் பின்னும் ஒரே இயந்திரம். இரண்டு டைனோக்கள் ஒரே எண்ணைக் காட்டாது.
- கியர் விகிதம் 1:1-க்கு நெருக்கமான ஒரே கியர். பல சின்ன கார்களில் அது நான்காவது.
- குறைந்தது மூன்று ஓட்டம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் கூலன்ட் சூடு ஒரே அளவுக்கு வர வேண்டும். முன்னால் வைக்கும் ஃபேன் இடம் மாறக் கூடாது. ஏசி அணைந்திருக்க வேண்டும்.
- அன்றைய காற்றின் நிலைக்கு ஏற்ப எண்ணைத் திருத்திச் சொல்லும் முறை எதுவென்று கேளுங்கள். எஸ்ஏஇ ஜே1349 முறை 25 டிகிரிக்கும், பழைய எஸ்டிடி முறை ஏறத்தாழ 15.5 டிகிரிக்கும் கணக்கிடுகிறது. எஸ்டிடி எண் சுமார் 4 சதவீதம் பெரிதாக வரும். இரண்டு தாளிலும் ஒரே முறை இருக்கட்டும்.

டர்போ வண்டி என்றால் திருத்தாத எண்ணையும் சேர்த்து வாங்குங்கள். சூட்டை எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவே ஓரளவு சமாளித்துவிடுவதால், அதற்கு மேல் திருத்தினால் எண் ஊதிப் போகும்.

விளம்பரத்தில் 83 என்று படித்தவர் டைனோவில் 70 சொச்சம் பார்த்துப் பதறிவிடுவார். பதற வேண்டாம். கியர்பாக்ஸ், ஆக்சில், டயர் எல்லாம் தின்றது போக மிச்சம் அது. அதை எதையோ வைத்துப் பெருக்கி எஞ்சின் எண்ணாக மாற்றவும் வேண்டாம். சக்கரத்து எண்ணைச் சக்கரத்து எண்ணோடு ஒப்பிட்டாலே போதும்.

படி 5: டைனோ கிடைக்காவிட்டால்

இது மூடிய தடத்துக்கு மட்டும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் பொது ஓட்ட நாள் நடந்தால் அனுமதி வாங்கிச் செய்யுங்கள். ஈசிஆரும் வெளிவட்டச் சாலையும் இதற்கான இடம் இல்லை. அங்கே இன்னொருவர் வீட்டுப் பிள்ளை சாலையைக் கடந்துகொண்டிருப்பான்.

மூன்றாம் கியரில், ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தி, 60-லிருந்து 100 கி.மீ. வேகத்துக்கு எத்தனை நொடி என்று பாருங்கள். ஓட்டுநரோடு சேர்த்து வண்டி 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த வேக உயர்வுக்கு வேண்டிய ஆற்றல் 2,46,900 ஜூல். அதை நொடியால் வகுத்தால் வாட், 735.5-ஆல் வகுத்தால் பிஎஸ். 7.0 நொடி என்றால் 48.0 பிஎஸ். 6.8 நொடி என்றால் 49.4. காற்றுத் தடையும் டயர் உராய்வும் இதில் சேராததால் இது எஞ்சினின் முழுச் சக்தி அல்ல, ஆனால் ஒப்பிடுவதற்கு உதவும்.

கவனியுங்கள், 0.2 நொடிக்கு 1.4 பிஎஸ்! நொடிக்கு ஒருமுறை மட்டும் இடம் காட்டும் மொபைல் ஜிபிஎஸ் இதைப் பிடிக்காது. நொடிக்கு 10 முறை எடுக்கும் தனி ஜிபிஎஸ் கருவி வேண்டும். 70 கிலோ நண்பர் முன் சீட்டில் ஏறினாலே எடை 7 சதவீதம் கூடிவிடும், ஆகவே அவர் கீழே நின்று குறிப்பெழுதட்டும். காற்றும் மேடும் சமனாக, போகும் திசையில் மூன்று, திரும்பும் திசையில் மூன்று ஓட்டம் எடுங்கள்.

ஓபிடி ஆப் காட்டும் குதிரைத்திறனை நம்ப வேண்டாம். ஏர்ஃப்ளோ சென்சாரை வைத்து அது கணக்கிட்டால், இன்டேக் குழாயின் விட்டம் மாறியதுமே சென்சாரின் அளவீடும் தவறிவிடும்.

படி 6: திரும்பக் கழற்றுவது

பழையதில் மூன்று ஓட்டம், புதியதில் மூன்று. அப்புறம் மறுபடி பழையதை மாட்டி மூன்று. இந்தக் கடைசி மூன்றைத்தான் யாரும் செய்வதில்லை. பழையதன் எண் முதலில் வந்த இடத்துக்கே திரும்பினால் மட்டுமே நடுவில் வந்த லாபம் புதுப் பாகத்தால் வந்தது. பழையதும் கூடவே ஏறியிருந்தால், வெயில் இறங்கியதோ எஞ்சின் நன்றாகச் சூடேறியதோ காரணம். இடையில் பேட்டரி வயரைக் கழற்றிவிடாதீர்கள், ஈசியூ கற்று வைத்திருக்கும் எரிபொருள் திருத்தங்கள் அழிந்துவிடும்.

படி 7: எண்ணைப் படிப்பது

பழையதன் ஆறு ஓட்டங்களுக்குள் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று பாருங்கள். 70.1-லிருந்து 71.3 வரை அவை சிதறிக் கிடக்க, புதியது 71.5 காட்டினால் அதை லாபம் என்று சொல்ல மாட்டேன். புதியதன் மூன்றுமே 73-க்கு மேல் என்றால் தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள். உச்ச எண்ணோடு நிறுத்தாமல் டைனோ தாளில் 2,000-லிருந்து 4,000 ஆர்பிஎம் வரை வரைகோடு எப்படிப் போகிறது என்றும் பாருங்கள். வேளச்சேரியிலும் வடபழனியிலும் வண்டி ஓடுவது அந்தப் பகுதியில்தான். உச்சியில் இரண்டு கூடி அங்கே மூன்று குறைந்திருந்தால் தினசரி ஓட்டத்தில் நஷ்டம்.

என் கூம்பு ஃபில்டருக்கு டைனோ தாளில் அப்படித்தான் வந்தது. அன்று சாயங்காலமே பழைய பெட்டியை மாட்டி, நான்கு கிளிப்பையும் அழுத்தி மூடினேன்.