இளையோர் டிஸ்டோபியா நாவல்கள்: அறக் கேள்விகள் கைநழுவும் இடங்கள்

இளையோருக்கான டிஸ்டோபியா நாவலை (அடக்குமுறை நிலவும் கற்பனைச் சமூகத்தின் கதையை) பற்றி மதிப்புரையோ வகுப்புக் கட்டுரையோ எழுதுகிறவர்கள் பலர் முதல் பத்தியிலேயே சறுக்கிவிடுகிறார்கள். "இந்த நாவலின் கருப்பொருள் சுதந்திரம்" என்று எழுதியாயிற்று. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் மிஞ்சுவதில்லை. சுதந்திரம் வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள்? ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு விவாதிக்க முடியாது. அதனுடன் விலையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: பசியும் போரும் இல்லாத வாழ்க்கைக்காக எதையெல்லாம் விட்டுக்கொடுக்கலாம்? அதற்காக யார் சாகலாம்? கேள்வி சரியாக அமைந்ததா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. 'ஆம்' என்பதற்கு இரண்டு காட்சிகள், 'இல்லை' என்பதற்கு இரண்டு காட்சிகள் நாவலிலிருந்தே எடுக்க முடிய வேண்டும். ஒரு பக்கம் காலியாக இருந்தால் கேள்வியை மாற்றுங்கள்.

இனி வரும் பகுதிகளில் கதை முடிவுகள் வெளிப்படையாகப் பேசப்படுகின்றன, படிக்காதவர்கள் கவனம்.

வில்லனைத் தேடுவது

அரசு கொடூரமானது, அதிகாரிகள் அரக்கர்கள் என்று தீர்ப்பெழுதிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் இந்த உலகங்கள் பெரும்பாலும் ஏதோவொரு துயரத்துக்கு மருந்தாகத்தான் தொடங்கின. லோயிஸ் லோரியின் 'தி கிவர்' (1993) நாவலில் வரும் சமூகத்தில் பட்டினி இல்லை, போர் இல்லை, வேலையில்லாதவர் இல்லை. அதற்குப் பதிலாக நிறங்களும் நினைவுகளும் சொந்தத் தேர்வும் போய்விட்டன. வேண்டாதவர்களை 'விடுவிப்பார்கள்', அதாவது கொன்றுவிடுவார்கள்.

நாயகனான சிறுவன் ஜோனாஸ் தன் அப்பாவின் வேலையைக் காட்சிப் பதிவில் பார்க்கும் இடத்தைக் கூர்ந்து படியுங்கள். இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்தது எது என்று பார்க்கிறார். கை நரம்பு மிகச் சின்னது என்பதால் நெற்றி நரம்பில் ஊசி போடுகிறார். குழந்தைகளிடம் வழக்கமாகப் பேசும் அதே கொஞ்சல் குரலில் பேசிக்கொண்டே செய்கிறார். பிறகு உடலை ஒரு பெட்டியில் வைத்துக் குழாய்வழியே தள்ளிவிட்டு டாட்டா காட்டுகிறார். இதே மனிதர்தான் கேப்ரியேல் என்ற குழந்தை தேற வேண்டுமென்று இரவுகளில் வீட்டுக்குத் தூக்கிவந்தவர், அதன் பெயரை விதியை மீறி முன்கூட்டியே பார்த்தவர். இவரைக் கொலைகாரன் என்று ஒரே வரியில் முடித்தால் கேள்வியே தப்பிவிடும். சாவு என்றால் என்னவென்று உணரும் திறனையே பறித்துக்கொண்ட ஒரு சமூகத்தில், கையில் ஊசி வைத்திருப்பவர் எவ்வளவு தூரம் பொறுப்பாளி? தெரியாமல் செய்தது குற்றமாகுமா? பதில் ஜோனாஸுக்கே எளிதாக இல்லை.

கணக்கைப் படிக்காமல் தாண்டுவது

உலகம் எப்படி இயங்குகிறது என்று விளக்கும் பக்கங்களை "பின்னணித் தகவல்" என்று நினைத்து வேகமாகப் புரட்டுகிறவர்கள் அதிகம். அநீதி ஒளிந்திருப்பது பெரும்பாலும் அந்தப் பக்கங்களில்தான். சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) கதையில், குலுக்கலில் பெயர் வரும் பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்லும் போட்டிக்கு அனுப்பப்படுகிறார்கள். இதை "குலுக்கலில் பெயர் வந்தால் சாவு" என்று சுருக்கிவிடுவார்கள். குலுக்கல் எல்லோருக்கும் பொது என்றுதான் தோன்றும். விதியைப் பாருங்கள்: 12 வயதில் ஒரு சீட்டு, 13-ல் இரண்டு, இப்படியே 18-ல் ஏழு. இதுவரை பணக்காரப் பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் ஒன்றுதான். அடுத்து வருகிறது டெஸரா. ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கான சொற்பத் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். பதிலுக்குக் குடுவையில் கூடுதலாக ஒரு சீட்டு. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை வாங்கலாம், ஆண்டுதோறும் வாங்கலாம், போட்ட சீட்டு திரும்பி வராது.

நாயகி காட்னிஸுக்கு 16 வயது. வழக்கமான சீட்டு 5, அம்மா, தங்கை, தான் என மூன்று பேருக்கு ஐந்து ஆண்டுகள், அது 15, மொத்தம் 20. அவள் நண்பன் கேலுக்கு 18 வயது. வழக்கமானது 7, ஐந்து பேருக்கு ஏழு ஆண்டுகள் 35, மொத்தம் 42. மேயர் மகள் மேட்ஜிடம் கேல் எரிந்து விழும் இடம் இதனால்தான் வருகிறது: அவளுக்கு ஐந்து சீட்டு இருந்தால் அதிகம், அவனுக்குப் பன்னிரண்டு வயதிலேயே ஆறு. மேட்ஜ் இந்த விதியை எழுதவில்லை. ஆனாலும் கோபம் அவள் மேல் பாய்கிறது, ஆளும் தலைநகரான கேபிட்டல் மேல் அல்ல. பசித்தவனும் பசிக்காதவனும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருப்பதும் இந்த ஏற்பாட்டின் பயன்களில் ஒன்று. கட்டுரையில் இந்தக் கணக்கை எழுதிக் காட்டினால் "சமத்துவமின்மை" என்று பத்து முறை எழுத வேண்டியதில்லை. (இவ்வளவுக்கும் பிறகு வந்தது காட்னிஸின் தங்கை பிரிமின் ஒற்றைச் சீட்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது. குலுக்கல் உண்மையிலேயே குலுக்கல்தான். அதனால்தான் அதை நியாயம் என்று நம்பவைக்க முடிகிறது.)

"வேறு வழியில்லை" என்று மூடிவிடுவது

நாயகி செய்யும் கொலைகளை ஒரே மூட்டையாகக் கட்டித் தற்காப்பு என்று சீட்டு ஒட்டுவது இன்னொரு வழக்கம். பிரித்துப் பாருங்கள். முதல் நாவலில் மரத்தடியில் காவலிருந்த எதிர்ப் போட்டியாளர்கள்மேல் காட்னிஸ் விஷக் குளவிக் கூட்டை வெட்டித் தள்ளுகிறாள். இரண்டு பெண்கள் சாகிறார்கள். தன்னோடு கூட்டுச் சேர்ந்திருந்த சிறுமி ரூவை ஈட்டியால் குத்தியவனை அம்பெய்து கொல்கிறாள். கடைசியில் மிருகங்கள் குதறிக்கொண்டிருக்கும் எதிராளி கேட்டோவின் வேதனையை அம்பால் முடித்துவைக்கிறாள். முதலாவதில் தப்பிப்பது நோக்கம், அடுத்ததில் கோபமும் கலந்திருக்கிறது, மூன்றாவது கருணை. ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள் போதும்: அந்த நொடியில் அவளுக்கு என்ன தெரியும்? வேறு என்ன செய்திருக்கலாம்? இதனால் யாருக்கு லாபம்? மூன்றாவது கேள்விக்கு ஒவ்வொரு முறையும் கேபிட்டலின் பெயரும் பட்டியலில் வரும்.

இதே கண்ணோடு கலகக்காரர்களையும் பார்க்க வேண்டும். முதல் புத்தகத்தோடு நிறுத்திவிட்டு "அடக்குமுறைக்கு எதிரான போராட்டம்" என்று முடிப்பவர்கள் அதே தொடரின் மூன்றாம் நாவல் 'மாக்கிங்ஜே' (2010) எழுப்பும் சங்கடத்திலிருந்து தப்பித்துக்கொள்கிறார்கள். அங்கே குழந்தைகள் நடுவே முதல் குண்டு வெடிக்கிறது. காப்பாற்ற மருத்துவர்கள் ஓடிவந்ததும் இரண்டாவது வெடிக்கிறது. பிரிம் சாவது அதில்தான். உதவ வருகிறவர்களைக் குறிவைக்கும் இந்த உத்தியை யோசித்தவர்களில் கேலும் ஒருவன். வெடித்தது தன் குண்டா என்று அவனாலேயே சொல்ல முடியவில்லை. பிறகு கலகத் தலைவி காயின், கேபிட்டல் பிள்ளைகளை வைத்து ஒரு கடைசி விளையாட்டு நடத்தலாமா என்று எஞ்சிய ஏழு வெற்றியாளர்களிடம் வாக்கெடுக்கிறார். முதல் நாவலில் காட்னிஸோடு போட்டிக்குப் போன பீட்டா கூடாது என்கிறான், காட்னிஸ் சம்மதிக்கிறாள். அந்தச் சம்மதம் நிஜமா, காயினைக் கொல்ல நெருங்குவதற்கான தந்திரமா என்பதில் வாசகர்கள் இன்றும் பிரிந்து நிற்கிறார்கள். எழுதுபவர் ஒரு பக்கம் சாயலாம், ஆனால் மற்ற பக்கத்துக்கும் ஆதாரம் இருப்பதைக் காட்டிவிட்டுத்தான் சாய வேண்டும். கதை முழுக்க காட்னிஸின் தன்மைக் கூற்றில், நிகழ்காலத்தில் நகர்கிறது. அவள் நினைப்பதெல்லாம் ஆசிரியர் தீர்ப்பு என்று மேற்கோள் காட்டுவதும் பிழைதான்.

நாவலை நாளிதழாக்குவது

நீல் ஷஸ்டர்மனின் 'அன்வைண்ட்' (2007) கதையில் கருக்கலைப்பு குறித்த உள்நாட்டுப் போர் ஒரு சமரசத்தில் முடிகிறது: கருவுற்றதிலிருந்து 13 வயதுவரை உயிரைத் தொடக் கூடாது, 13-லிருந்து 18-க்குள் பெற்றோர் விரும்பினால் பிள்ளையை உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம். உடனே வகுப்பறை கருக்கலைப்புப் பட்டிமன்றமாகிவிடும். நாவல் சுட்டும் இடம் வேறு. சண்டையிட்ட இரு தரப்பும் கைகுலுக்கியபோது, விலை கொடுக்கப்போகிற மூன்றாமவர் மேசையில் இல்லை. நாவலின் மூன்று பிள்ளைகளில் கானரைப் பிரிக்க அனுப்புவது பெற்றோரின் சலிப்பு; ரிசாவை அனுப்புவது அவள் வளர்ந்த விடுதியின் செலவுக் குறைப்பு; லெவை அனுப்புவது குடும்பத்தின் பக்தி. லெவ் மனமுவந்தே போகிறான், அதற்காகவே வளர்க்கப்பட்டவன். அப்படி வளர்க்கப்பட்டவனின் சம்மதம் சம்மதமாகுமா? பேச்சை இங்கே தொடங்கினால் போதும்.

வாசிப்புக் குழு நடத்துகிறவர்களுக்குச் சில நடைமுறைகள். "நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்காதீர்கள், எல்லாப் பிள்ளைகளும் வீரர்களாகிவிடுவார்கள். "எந்தப் பக்கம்வரை நீங்களும் ஒத்துப்போயிருப்பீர்கள்?" என்று கேளுங்கள், உண்மையான பதில் வரும். நாற்பது நிமிடத்துக்கு மூன்று காட்சிகள் போதும், அவற்றையும் சத்தமாக வாசித்துவிட்டுப் பேசுங்கள். படத்தை மட்டும் பார்த்தவர்கள் குழுவில் இருப்பார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்: 'தி கிவர்' நாவலின் ஜோனாஸுக்கு நினைவுகளைச் சுமக்கும் பொறுப்பு வந்து சேர்வது 12 வயதில், 2014 படத்தில் அவன் வளர்ந்த வாலிபன். காட்சியை மேற்கோள் காட்டுமுன் புத்தகத்தில் அது இருக்கிறதா என்று ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள்.