சோடா ரொட்டியைக் கெடுக்கும் சப்பாத்திக் கை

உப்பு கூடுவதும் அடி பிடிப்பதும் இரண்டாவது முறையே சரியாகிவிடும். அயர்லாந்து கிராமத்து வீடுகளின் பழைய சாப்பாட்டை என்னிடம் கற்க வருகிறவர்கள், நான் அன்று அடித்த கூத்தையே வரிசை மாறாமல் அடிப்பதைத்தான் தாங்க முடியவில்லை. அந்தத் தப்புகள் இதோ.

மாவைப் பிசைந்து ஊற வைப்பது

ஈஸ்ட் இல்லாமல் சமையல் சோடாவால் உப்பும் சோடா ரொட்டியை முதன்முதலில் சுட்ட அன்று எட்டுப் பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். ஒரு கிலோ மாவைச் சப்பாத்திக்குப் போல அழுத்திப் பிசைந்து, ஈரத்துணி மூடி அரை மணி நேரம் ஊற வைத்தேன். அடுப்பிலிருந்து வந்தது செங்கல். மாவும் போச்சு, மோரும் போச்சு. வந்தவர்கள் உருளைக்கிழங்கைத் தின்றுவிட்டுப் போனார்கள்.

சோடாவும் மோரின் புளிப்பும் சேர்ந்ததுமே வாயு கிளம்பிவிடும். ஊற வைத்தால் அடுப்புக்குப் போகும் முன்பே அதில் பெரும்பகுதி ஓடிவிடும். ஈஸ்ட் மாதிரி இது மறுபடி உப்பாது. பிசையப் பிசைய மாவு இறுகவும் செய்யும். ஈரமும் குளிருமான அயர்லாந்து மண்ணில் விளைந்தது, மாவுக்கு இழுவை தரும் புரதமான குளூட்டன் குறைந்த கோதுமை. ஈஸ்ட் ரொட்டிக்கு அது சுமார்தான். அதனால் 19-ஆம் நூற்றாண்டில் சமையல் சோடா பரவியபோது கிராமத்து வீடுகள் அதைப் பிடித்துக்கொண்டன. வீட்டில் ஓவன் ஏது? சதுப்புநிலத்தில் வெட்டிக் காயவைத்த பீட் என்னும் மக்கிய செடிகொடிக் கட்டிதான் எரிபொருள். அந்த நெருப்பில் கனத்த இரும்புச் சட்டியை வைத்து, மூடியின் மேலும் தணலை அள்ளிப் போட்டுச் சுட்டார்கள்.

முதலில் ஓவனைச் சூடாக்குங்கள். 450 கிராம் மாவு, ஒரு தேக்கரண்டி சோடா, ஒரு தேக்கரண்டி உப்பு, சுமார் 350 மில்லி மோர். விரல்களை விரித்துக் கலந்து, வட்டமாகத் தட்டி, சிலுவை போல ஆழமாகக் கீறி உடனே உள்ளே தள்ளுங்கள். 230 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 200-இல் அரை மணி. அடியில் தட்டினால் காலிப் பானைச் சத்தம் வர வேண்டும்.

நீர்மோர் ஊற்றுவது

அயர்லாந்துக்காரர்களுடையது வெண்ணெய் கடைந்தபின் மிஞ்சிய மோர். நம் பாட்டி வீட்டு மோரும் அப்படித்தான் இருந்தது. இப்போது மோர் என்று நாம் குடிப்பது பெரும்பாலும் தண்ணீர் விட்ட தயிர். கெட்டித் தயிரில் கொஞ்சமாக நீர் விட்டால் போதும்.

திராட்சையும் சர்க்கரையும் சேர்ப்பது

அன்றாட ரொட்டியில் கிடையாது.

தினமும் இறைச்சி பரிமாறுவது

1845-இல் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் தாக்கும் முன் ஏழை வீட்டில் வேளாவேளைக்கு உருளைக்கிழங்கும் மோரும்தான். உப்புக்கண்ட மாட்டிறைச்சி கார்க் துறைமுகத்தில் கப்பலேறிப் போனது.

பாக்ஸ்டி என்னும் உருளைக்கிழங்கு அடைக்குப் பிழிந்த நீரைக் கொட்டுவது

துருவிய கிழங்கைப் பிழிந்த நீரின் அடியில் வெள்ளையாகப் படிவதுதான் அடையைப் பிடித்து நிறுத்தும். மேல்நீரை மட்டும் வடியுங்கள்.