தோல்பாவையைக் கணினியில் ஆட்டுவோம்: இங்க்ஸ்கேப், சின்ஃபிக் முதல் பாடம்

அனிமேஷன் கற்கத் தொடங்கும் பிள்ளைகள் பலரும் முதல் நாளே நடக்கிற மனிதனை வரையப் போய்விடுகிறார்கள். இரண்டு கால், இரண்டு கை, முழங்கால், பாதம் எல்லாம் சேர்ந்து அசைய வேண்டும். அது தேர்ந்தவர்களுக்கே தலைவலி. நம் பாலக்காட்டுப் பக்கத்தில் இதைவிட நல்ல முதல் பாடம் இருக்கிறது. பகவதி கோயில்களின் கூத்துமாடம் என்ற மேடையில் 21 விளக்குகளை ஏற்றி, வெள்ளைத் திரைக்குப் பின்னால் கம்பராமாயணப் பாட்டைச் சொல்லி ஆட்டும் தோல்பாவைக் கூத்துதான் அது. பல பாவைகளில் ஒரு கை மட்டுமே அசையும். உடம்பு அப்படியே நிற்கும். ஆனாலும் ராமன் பேசுகிறான், ராவணன் மிரட்டுகிறான் என்று பார்ப்பவருக்குப் புரிந்துவிடும்.

அப்படி ஒரு பாவை கையை உயர்த்தி இறக்குகிற இரண்டு வினாடிப் படத்தைத்தான் இங்கே செய்யப் போகிறோம். கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். பெரியவர்களும் தாராளமாகச் செய்து பார்க்கலாம்.

என்னென்ன வேண்டும்

வரைவதற்கு இங்க்ஸ்கேப், அசைப்பதற்கு சின்ஃபிக் ஸ்டுடியோ. இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள். இங்க்ஸ்கேப் 2003இல் சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. சின்ஃபிக் 2005இல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வெளியானது. விண்டோஸில் அந்தந்த மென்பொருளின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். உபுண்டுவில் மென்பொருள் மையத்தில் பெயரைத் தேடினாலே கிடைக்கும்.

இரண்டு மென்பொருள் எதற்கு என்று கேட்கலாம். சின்ஃபிக்கிலேயே வரையலாம்தான், ஆனால் கோடு வளைக்க இங்க்ஸ்கேப் எவ்வளவோ மேல்.

பாவையை வரைதல்

நேரத்தை எல்லாம் இங்கே செலவழியுங்கள். படத்தைச் சரியாகப் பிரித்து வரைந்துவிட்டால் அசைப்பது கால் மணி நேர வேலை. பிரிக்காமல் வரைந்தால் சின்ஃபிக்கில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் கை உடம்போடு ஒட்டிக்கொண்டுதான் வரும்.

இங்க்ஸ்கேப்பைத் திறந்து, ஃபைல் மெனுவில் டாக்குமெண்ட் ப்ராபர்ட்டீஸ் போய் அளவை 1280 × 720 பிக்சல் என்று வையுங்கள். லேயர் (அடுக்கு) பலகையில் 'உடம்பு' என்று ஒரு லேயர், அதற்கு மேலே 'கை' என்று இன்னொன்று. 'கை' லேயருக்கு உள்ளே, துணை லேயராக 'முன்கை'. இந்த உள்ளடங்கிய அமைப்பு முக்கியம். மேல்கை அசைந்தால் முன்கையும் கூடவே போக வேண்டும். முன்கை மட்டும் அசைந்தால் மேல்கை சும்மா இருக்க வேண்டும்.

உடம்பைப் பெசியர் என்ற வளைகோட்டுக் கருவியால் (B விசை) பக்கவாட்டுத் தோற்றமாக, வலப்பக்கம் பார்ப்பதுபோல வரையுங்கள். கிரீடம், மூக்கு, வயிறு, இடுப்பு உடை என்று வெளிக்கோடு மட்டும் போதும். கோட்டில் உள்ள கணுக்களை (புள்ளிகளை) இழுத்துச் சரிசெய்ய N விசை. நிரப்பும் நிறம் கறுப்பு, கோட்டுக்குத் தனி நிறம் வேண்டாம். கறுப்பு நிழலுருவமாக இருப்பதால் விரல் சரியில்லை, கண் கோணல் என்ற கவலையே இல்லை.

அடுத்து கை. முதலில் தோள் இருக்கும் இடத்தில் ஒரு வட்டம் போடுங்கள். மேல்கை அந்த வட்டத்திலிருந்து கீழ்நோக்கித் தொங்கட்டும். முழங்கை இருக்கும் இடத்தில் இன்னொரு வட்டம்; முன்கை அதிலிருந்து தொடங்கும். மூட்டுகளுக்கு வட்டம் எதற்கு என்றால், வட்டம் தன் மையத்தில் எவ்வளவு திரும்பினாலும் வடிவம் மாறாது. அதனால் கை உயரும்போது தோளில் இடைவெளி விழாது, முனை துருத்திக்கொண்டும் நிற்காது. தோள் வட்டம் உடம்பின் மேல் நன்றாக ஏறி இருக்கட்டும். எல்லாமே கறுப்பு, ஏறியிருப்பது யாருக்கும் தெரியப் போவதில்லை.

அசல் பாவைகளில் நகை, உடை எல்லாம் துளைகளாகக் குத்தப்பட்டு, அவற்றின் வழியே விளக்கொளி தெரியும். நாம் துளை வெட்ட வேண்டாம். மஞ்சள் நிறத்தில் பொடி வட்டங்களைக் கறுப்பின் மேல் வரிசையாக வைத்தால் அதே தோற்றம் வந்துவிடும். கையில் வளையல் புள்ளிகள் வைத்தால் அவை அந்தந்தக் கை லேயரிலேயே இருக்கட்டும். உடம்பு லேயரில் மாட்டிக்கொண்டால் கை போன பிறகு வளையல் மட்டும் அந்தரத்தில் நிற்கும்.

முடிந்ததும் வழக்கமான எஸ்விஜி கோப்பாக ஒரு முறை சேமியுங்கள். அப்புறம் சேவ் எ காப்பி கொடுத்து, கோப்பு வகையில் சின்ஃபிக் அனிமேஷன் என்பதைத் தேர்ந்தெடுத்து, எஸ்ஐஎஃப் கோப்பாக இன்னொரு பிரதி எடுங்கள்.

சின்ஃபிக்கில்

எஸ்ஐஎஃப் கோப்பைச் சின்ஃபிக்கில் திறந்தால், நீங்கள் பிரித்த லேயர்கள் குழுக்களாக லேயர் பலகையில் தெரியும். எஃப்8 அழுத்தி, நேரம் பகுதியில் முடிவு நேரத்தை 2s என்று மாற்றுங்கள். எஸ் என்றால் வினாடி, எஃப் என்றால் ஃப்ரேம், அதாவது அசைவில் ஒரு தனிப் படம். வினாடிக்கு 24 ஃப்ரேம் என்று வைத்துக்கொள்வோம்.

கை குழுவை விரித்து, உள்ளே மேலாக இருக்கும் லேயரைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்யுங்கள். நியூ லேயர், டிரான்ஸ்ஃபார்ம், ரொட்டேட். இந்த ரொட்டேட் லேயர் அதே குழுவில் தனக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் சுழற்றும். குழுவுக்கு வெளியே உள்ள உடம்பைத் தொடாது. திரையின் நடுவில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். அதுதான் சுழல்மையம். அதை இழுத்துத் தோள் வட்டத்தின் நடுவில் வையுங்கள். முன்கை குழுவுக்குள்ளும் இதேபோல ஒரு ரொட்டேட்; அதன் மையம் முழங்கை வட்டத்தில்.

அளவுருக்கள் பலகையில் அமௌண்ட் என்பதை 30 ஆக்கிப் பாருங்கள். கை தோளிலிருந்து அழகாகத் திரும்பினால் சரி. எங்கோ பறந்து போனால் மையம் தோளில் இல்லை. பார்த்துவிட்டு மறுபடி 0 ஆக்குங்கள். மையத்தை வைக்கும் இந்த வேலையை அனிமேஷன் பொத்தானை அழுத்தும் முன்பே முடித்துவிட வேண்டும். பிறகு நகர்த்தினால் சின்ஃபிக் மையத்தின் நகர்வையும் அசைவாகப் பதிவுசெய்துவிடும். கை தோளைவிட்டு நழுவும்.

இப்போது கீஃப்ரேம் பலகை. அசைவு மாறுகிற முக்கிய நேரங்களைக் குறிப்பதுதான் கீஃப்ரேம். நேரக்கோட்டை 0f, 8f, 1s, 2s என்ற இடங்களுக்கு நகர்த்தி, ஒவ்வொன்றிலும் கூட்டல் குறியை அழுத்துங்கள். வரைபரப்பின் கீழ் வலது மூலையில் உள்ள சிறு மனித உருவம் போட்ட அனிமேஷன் பொத்தானை அழுத்தினால் பரப்பைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் வரும். இனி நீங்கள் மாற்றுவது எல்லாம் அசைவாகப் பதிவாகும்.

8f-க்குப் போய் மேல்கையின் அமௌண்டை 70 ஆக்குங்கள். 1s-இலும் 70. 2s-இல் 0. வலப்பக்கம் பார்க்கும் பாவைக்குக் கூட்டல் எண் கையை முன்னால் உயர்த்தும். இடப்பக்கம் பார்த்தால் கழித்தல் போடுங்கள். முன்கைக்கு 8f-இலும் 1s-இலும் 25 போதும். வேலை முடிந்ததும் சிவப்புக் கட்டத்தை அணைக்க மறக்காதீர்கள்.

ஏன் 8 ஃப்ரேமில் ஏறி, ஒரு வினாடி வரை நின்று, மெல்ல இறங்க வேண்டும்? ஏறுவதும் இறங்குவதும் ஒரே வேகத்தில் இருந்தால் கடிகார ஊசல் மாதிரிதான் இருக்கும். வெடுக்கென்று உயர்ந்து நிற்கிற கையில்தான் பேச்சு இருக்கிறது. எண்களை மாற்றிப் பாருங்கள்: 4 ஃப்ரேமில் ஏறினால் கோபம், 20 ஃப்ரேமில் ஏறினால் ஆசீர்வாதம். உயர்ந்து நிற்க வேண்டிய கை லேசாக மிதந்தால், நேரத்தடத்தில் அந்தப் புள்ளிகளை வலது கிளிக் செய்து கிளாம்ப்டு வகைக்கு மாற்றுங்கள்.

விளக்கொளி

லேயர் பட்டியலின் அடியில், எல்லாவற்றுக்கும் கீழே, நியூ லேயர், கிரேடியண்ட், ரேடியல் கிரேடியண்ட். நடுவில் வெளிர் மஞ்சள், ஓரத்தில் அடர் பழுப்பு. 21 விளக்கும் வேண்டாம், ஒன்று போதும். ரேடியஸ் என்ற அளவுருவை வலது கிளிக் செய்து, கன்வெர்ட், ரேண்டம் என்று கொடுங்கள். உள்ளே வரும் ரேடியஸ் எண்ணைச் சிறிதாகவும் ஸ்பீடை 3 அளவிலும் வைத்தால் ஒளி காற்றில் ஆடுவதுபோல் நடுங்கும். ஒரு கீஃப்ரேம்கூடப் போடவில்லை.

காற்றாலை வரைய ஆசையுள்ளவர்களுக்கும் இதே வழிதான். கஞ்சிக்கோடு பக்கம் நிற்கிற மாதிரி மூன்று இதழ்களை ஒரே குழுவில் போட்டு, ரொட்டேட்டின் அமௌண்டை கன்வெர்ட், லீனியர் என்று மாற்றி, ரேட்டில் −90 கொடுத்தால் நான்கு வினாடிக்கு ஒரு சுற்று, நிற்காமல் சுற்றும்.

வெளியே எடுத்தல்

எஃப்9 அழுத்தினால், அசைவைப் படக்கோப்பாக மாற்றும் ரெண்டர் பெட்டி வரும். சிறிய படம் என்பதால் ஜிஃப் போதும், கோப்பின் பெயரை .gif என்று முடித்தால் சின்ஃபிக் தானே வகையைக் கண்டுகொள்ளும். வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பி4 வேண்டுமென்றால் டார்கெட்டில் எஃப்எஃப்எம்பெக்கைத் தேர்ந்தெடுங்கள். பழைய கணினி திணறினால் அளவைப் பாதியாக்குங்கள். நிழலுருவத்தில் வித்தியாசம் அதிகம் தெரியாது. ரெண்டர் கொடுக்கும் முன் கண்ட்ரோல் எஸ் ஒரு தடவை.