மீட்டரின் சிவப்பு விளக்கை எண்ணிப் பாருங்கள்: கரண்ட் எங்கே போகிறது என்று தெரியும்

2024 கோடையில் திருச்சியில் எங்கள் வீட்டு ரீடிங் 540 யூனிட்டில் வந்து நின்றது. அன்றைய கட்டண முறையில், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுகளுக்கு மட்டும் விலை ஏறாது, கீழ் அடுக்கில் கிடைத்த சலுகையும் குறையும். அந்த 40 யூனிட்டைப் பிடிக்க வீட்டில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். அம்மா செல்போன் சார்ஜரைப் பிடுங்கி வைக்கச் சொன்னார். மாமா ஃபேனை இரண்டில் வைத்தாலே போதும் என்றார். தம்பி ஏசியை 18-இல் வைத்து, அறை சீக்கிரம் குளிர்ந்ததும் அணைத்துவிடலாம் என்றான். எது சரி என்பதை மீட்டரிடமே கேட்கலாம் என்று இறங்கினேன். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். தேவையானது ஒரு செல்போனும் ஒரு நோட்டும் மட்டுமே.

படி 1: மீட்டரில் உள்ள எண்ணைப் பாருங்கள்

எலக்ட்ரானிக் மீட்டரின் முகப்பில் 3200 என்றோ 1600 என்றோ ஒரு எண் அச்சிட்டிருக்கும். பக்கத்தில் இம்ப் என்ற மூன்றெழுத்து ஆங்கிலத்தில் இருக்கும். ஒரு யூனிட் ஓடி முடிய சிவப்பு விளக்கு அத்தனை முறை சிமிட்டும் என்பது அதன் பொருள். எங்கள் மீட்டரில் 3200. கண்ணாடி வழியாகப் பார்த்தால் போதும், மீட்டரில் வைத்த சீல் முத்திரையையோ வயரையோ தொடவே வேண்டாம்.

படி 2: எல்லாவற்றையும் அணையுங்கள்

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒவ்வோர் அறையாகப் போய் எல்லா சுவிட்சையும் அணைத்தேன், பிரிட்ஜையும் அணைத்தேன். அப்படியும் விளக்கு மெதுவாகச் சிமிட்டிக்கொண்டே இருந்தது. மீட்டர்தான் ஓடுகிறதோ என்று சந்தேகம் வந்தது. சோதித்துப் பார்க்க வீட்டுக்குள் இருக்கும் மெயின் எம்சிபியை, அதாவது மொத்த வீட்டுக்குமான சுவிட்சை, இறக்கினேன். சிமிட்டல் நின்றது. அப்படியென்றால் மீட்டரில் கோளாறு இல்லை, வீட்டுக்குள்ளேதான் ஏதோ கரண்ட் எடுக்கிறது. இதுவரை சரி.

நான் எம்சிபியை இறக்கி வைத்திருந்த கால் மணி நேரமும் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இன்வெர்ட்டர், கரண்ட் போய்விட்டது என்று நினைத்து வேலை செய்யத் தொடங்கியிருந்தது. அந்தப் புழுக்கத்தில் வீட்டில் இருந்தவர்கள் இரண்டு ஃபேன்களைப் போட்டுக்கொண்டார்கள். எம்சிபியைத் திரும்ப ஏற்றியதும் பேட்டரி சார்ஜ் ஆக ஆரம்பித்தது. அது தெரியாமல் நான் அளக்கத் தொடங்கினேன். ஹால் ஃபேன் 270 வாட் என்று கணக்கு வந்தது. சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட்தான் எடுக்கும். அந்தக் கணக்கை நம்பி ஃபேனைக் கழற்றி காயில் கட்டக் கொடுக்க இருந்தேன். மறுநாள் காலை பேட்டரி நிரம்பியபின் அளந்து, எல்லாம் அணைத்தபோதும் ஓடிய கரண்டைக் கழித்தபோது சரியாக 75 வந்தது.

ஆகவே இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில், முந்தைய இரவு முழுக்கக் கரண்ட் போகாமல் இருந்த ஒரு காலையில் அளக்கத் தொடங்குங்கள். எம்சிபியைத் தொட வேண்டாம். எல்லாம் அணைத்தபின் மிஞ்சும் சிமிட்டலை முதலில் அளந்து நோட்டில் எழுதி, பின்னால் ஒவ்வொரு கணக்கிலிருந்தும் கழித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அந்த மிச்சம் 37 வாட் இருந்தது. கேட்கச் சிறிய எண்தான். ஆனால் இரவும் பகலும் 60 நாள் ஓடினால் 53 யூனிட். நான் தேடிய 40 யூனிட்டைவிட அதிகம். பேட்டரிக்கு ஐந்து வயது ஆகியிருந்தது. சாகும் நிலையில் இருக்கும் பேட்டரி, நிரம்பிய பிறகும் கரண்டை இழுத்து வெறும் சூடாக்கிக்கொண்டிருக்கும். பேட்டரியை மாற்றியதும் அந்த மிச்சம் 15 வாட்டாகக் குறைந்தது.

படி 3: பத்துச் சிமிட்டலுக்கு எவ்வளவு நேரம்?

ஒரே ஒரு பொருளைப் போடுங்கள். ஒரு சிமிட்டலைப் பார்த்ததும் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தி, அந்தச் சிமிட்டலைப் பூஜ்யம் என்று எண்ணுங்கள். அதை ஒன்று என்று எண்ணினால் கணக்கு பத்தில் ஒரு பங்கு பிசகும். பத்தாவது சிமிட்டலில் நிறுத்துங்கள். 3200 மீட்டர் என்றால் 11250-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் வாட் கிடைக்கும். 1600 மீட்டருக்கு 22500, 6400 மீட்டருக்கு 5625.

எடுத்துக்காட்டாக, மிச்சம் எதுவும் இல்லாமல் 75 வாட் ஃபேன் மட்டும் ஓடினால் பத்துச் சிமிட்டலுக்கு 150 விநாடி ஆகும். 1500 வாட் ஏசிக்கு ஏழரை விநாடிதான். அவ்வளவு வேகத்தில் கண்ணால் எண்ணினால் பிசகலாம். செல்போனில் வீடியோ எடுத்து, பிறகு மெதுவாக ஓட்டி எண்ணுங்கள். எனக்கு எல்லாவற்றுக்கும் வீடியோதான் பிடித்திருக்கிறது. எங்கள் மீட்டர் வெளிச்சுவரில் வெயில் படும் இடத்தில் இருக்கிறது, அங்கே நின்று எண்ணினால் கண் கூசுகிறது. பிளக்கில் செருகி அளக்கும் கருவியும் கடையில் கிடைக்கிறது. பிரிட்ஜ் மாதிரி நின்று நின்று ஓடும் பொருளுக்கு அதுதான் நல்லது, ஒரு நாள் முழுக்கச் செருகி வைத்து மொத்த யூனிட்டைப் பார்க்கலாம். மற்றவற்றுக்கு அதை வாங்க வேண்டியதில்லை.

படி 4: வீட்டார் சொன்னதைச் சோதியுங்கள்

சார்ஜர்: போன் இல்லாமல் சும்மா செருகியிருக்கும் சார்ஜரை மீட்டர் கண்டுகொள்ளவே இல்லை. அரை வாட் என்று வைத்தாலும் 60 நாளுக்கு முக்கால் யூனிட்கூட வராது. ஆனால் செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் அணைத்தபிறகும் 10 வாட் எடுத்தது. அது 14 யூனிட். அம்மாவிடம் சார்ஜரை விட்டுவிட்டு அதன் சுவிட்சை அணைக்கச் சொன்னேன், இப்போது மறக்காமல் செய்கிறார்.

ஃபேன் வேகம்: மாமா சொன்னது பாதி சரி. ஹாலில் இருக்கும் பழைய பெட்டி ரெகுலேட்டரில் இரண்டில் வைத்தபோது 75 வாட் 56 ஆனது. உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் மீதிக் கரண்டைச் சூடாக்கி வீணாக்குகிறது, தொட்டுப் பார்த்தாலே தெரியும். படுக்கையறையில் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர். அங்கே இரண்டில் 28 வாட். ரெகுலேட்டரை மாற்றுவது சின்னச் செலவு, முதலில் இதைச் செய்யுங்கள். புதிதாக ஃபேன் வாங்குவதானால் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) வகைதான் என் தேர்வு. முழு வேகத்திலும் 30 வாட்டைச் சுற்றியே எடுக்கிறது.

ஏசி: எங்களுடையது இன்வெர்ட்டர் வகை அல்லாத பழைய ஏசி (மேலே சொன்ன பேட்டரி இன்வெர்ட்டர் வேறு). 18-இல் வைத்தாலும் 24-இல் வைத்தாலும் தொடக்கத்தில் சிமிட்டும் வேகம் ஒன்றுதான். கம்ப்ரஸர் ஓடினால் முழுதாக ஓடும், இல்லையென்றால் நிற்கும். அதனால் 18-இல் வைத்தால் அறை வேகமாகக் குளிராது. ஆனால் 24-இல் வைத்த ஒரு மணி நேரத்தில் கம்ப்ரஸர் அவ்வப்போது நிற்க ஆரம்பித்து, சிமிட்டல் ஃபேன் அளவுக்கு இறங்கியது. 18-இல் அது நிற்கவே இல்லை. ஒவ்வொரு டிகிரி உயர்த்தினாலும் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ சொல்கிறது. 2020 முதல் ஏசிகள் 24 டிகிரியிலேயே தொடங்கும்படி செய்திருப்பதும் அதற்காகத்தான்.

மின்சேமிப்புப் பெட்டி: பிளக்கில் செருகினால் பில் பாதியாகும் என்று விற்கிறார்களே, அது. எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. செருகியபோதும் பிடுங்கியபோதும் ஹால் ஃபேனுக்கு நேரம் மாறவே இல்லை. அதற்குள் இருப்பது ஒரு கப்பாசிட்டர். அது பவர் ஃபேக்டரை (வோல்டேஜும் கரண்டும் எவ்வளவு ஒத்து ஓடுகின்றன என்ற அளவை) மாற்றும், ஆனால் வீட்டு மீட்டர் கணக்கெடுப்பது உண்மையில் செலவான யூனிட்டைத்தான். இதற்குத் தயவுசெய்து பணம் கொடுக்காதீர்கள். ஸ்டெபிலைசரும் கரண்டை மிச்சம் பண்ணாது, வோல்டேஜ் ஏற்ற இறக்கத்திலிருந்து பொருளைக் காப்பதுதான் அதன் வேலை.

ஹீட்டர்: 3000 வாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் 2000 வாட் டேங்க் ஹீட்டரைவிடக் கரண்டைத் தின்னும் என்ற பயம் வேண்டாம். 15 லிட்டரை 28-இலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக எதில் சுடவைத்தாலும் அரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். வாட் கூடினால் நேரம் குறையும். டேங்கில் சுட்ட தண்ணீரை அப்படியே ஆறவிடுவதுதான் நஷ்டம். மிக்ஸியும் இப்படித்தான். 750 வாட் என்று பயமுறுத்தினாலும் தினம் பத்து நிமிடம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏழரை யூனிட்.

பிறகு சேர்த்தவை

த்ரீ ஃபேஸ் மீட்டரில் 800 என்று இருக்கிறது, ஃபேனை அளக்கப் பத்து நிமிடம் ஆகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். சின்னப் பொருளுக்கு இரண்டு சிமிட்டல் போதும், 9000-ஐ விநாடிகளால் வகுங்கள்.

இன்னொருவர், சிமிட்டாமல் நிலையாக எரியும் இரண்டாவது சிவப்பு விளக்கு ஒன்று இருக்கிறதே என்று கேட்டார். அதன் பக்கத்தில் எர்த் என்பதைக் குறிக்கும் எழுத்துகள் இருந்தால், போன கரண்ட் முழுதும் நியூட்ரல் வழியாகத் திரும்பவில்லை என்று அர்த்தம். எங்கோ கசிவு இருக்கலாம், அல்லது இரண்டு வீட்டு நியூட்ரல் ஒன்றாகச் சேர்ந்திருக்கலாம். பல மீட்டர்கள் இரண்டில் எது அதிகமோ அதைத்தான் கணக்கில் எடுக்கும், ஆகவே பக்கத்து வீட்டுக் கரண்டும் உங்கள் பில்லில் ஏறலாம். ஷாக் அடிக்கும் அபாயமும் உண்டு. நீங்களே பிரித்துப் பார்க்காமல் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அன்றே அழையுங்கள். அது சரியாகும்வரை மேலே சொன்ன எந்த அளவையும் எடுக்க வேண்டாம்.